சுண்ணாம்புக் கோட்டு வீடு

அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வைத்திருக்கும் அப்துல் ஹமீத் பாய்க்குக் கன்னியப்பன் தர வேண்டிய பாக்கி அது. அந்த எழுபத்தைந்து பைசா எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று கன்னியப்பனுக்கும் தெரியாது, கணக்கு எழுதும் சம்பத்துக்கும் தெரியாது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம். வாராவாரம் கூலியில் கொஞ்சம் கழியும். மஞ்சள் காமாலை வந்தால் மறுபடி ஏறும், தீபாவளி வந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். ஏறும்போது ஓட்டமாக ஏறும். இறங்கும்போது மூட்டுவலிக்காரன் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கும்.

அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பான். ஆனால் எண்பத்திரண்டாம் வருஷம் அவன் மச்சான், அதாவது பெண்டாட்டி ரங்கம்மாளின் தம்பி, ஜோலார்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் அவனுக்கு ஒரு வேலை பேசி வைத்துவிட்டான். மூட்டை ஏற்றி இறக்கும் வேலைதான். ஆனாலும் காய்ந்த மூட்டை. சொட்டச் சொட்ட நனைந்த தோலைத் தோளில் தூக்கி இருபது வருஷம் ஓட்டிய ஆளுக்குக் காய்ந்த மூட்டை என்பது பெரிய பதவி. வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை காலையில் ரேஷன் கார்டோடு போய் நிற்க வேண்டும். அந்த ரேஷன் கார்டு சம்பத்தின் மேஜை டிராயரில் இருந்தது. முன்பணம் வாங்கியவர்களின் கார்டு எல்லாம் அங்கேதான் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும்.

கன்னியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றபோது ஹமீத் பாய் கோபப்படவில்லை. ஜோலார்பேட்டை என்ன, டில்லிக்கே போகலாம், கணக்கை முடித்துவிட்டுப் போகலாம் என்று மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் கன்னியப்பனுக்குத் தொல்லை. கத்துகிற முதலாளியிடம் காலில் விழலாம். சிரிக்கிறவரிடம் என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் சாரா வந்தாள்.

சாரா வேலூர்ப் பெண். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். கட்டடக்கலையை ஐந்து வருஷம் மெட்ராஸில் படித்து முடித்துவிட்டு, அது போதாதென்று அதற்கு மேலே இன்னும் இரண்டு வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மேல்படிப்பின் கடைசி வருஷத்தில் பாதி நாள் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வேலை செய்ய வேண்டும். மீதி நாள் ஏதாவது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டும். வேலை பார்த்த இடம் வேலூரில் இராமமூர்த்தி என்பவரின் ஆபீஸ். ஹமீத் பாய் தன் டேனரிக்குப் பின்னால் தொழிலாளிகளுக்கு இருபது வீடு கட்ட நினைத்து, பிளான் போடச் சொல்லியிருந்தது அந்த இராமமூர்த்தியிடம்தான். அவர் ஒரு மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்து முடித்துவிட்டார். ரயில் பெட்டி மாதிரி வரிசையாக இருபது அறை, இருபது கதவு, இருபது ஜன்னல்.

சாராவின் கேள்வி வேறு மாதிரி இருந்தது. செருப்பு வாங்குகிறவன்கூடக் காலில் போட்டு நாலடி நடந்து பார்த்துத்தான் வாங்குகிறான். வீட்டை மட்டும் ஏன் கட்டி முடித்த பிறகு போட்டுப் பார்க்க வேண்டும்? பிளானை நிஜ அளவில் தரையில் சுண்ணாம்புத் தூளால் போட்டு, அதற்குள் ஒரு குடும்பத்தை ஒரு வாரம் வாழவிட்டு, எங்கே இடிக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் அவள் ஆராய்ச்சி. இராமமூர்த்தி சிரித்தார். சம்பளம் கேட்காத உதவியாள் என்பதால் சரியென்றும் சொன்னார். ஹமீத் பாய் இன்னும் சீக்கிரம் ஒத்துக்கொண்டார். இருபது வீட்டுக்குப் பணம் கொட்டுவதற்கு முன்னால் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு அவருக்குச் செலவே இல்லை. டேனரியில் இல்லாத சுண்ணாம்பா? தோல் காயப்போடும் மைதானமும் சனிக்கிழமை வரை காலியாகக் கிடந்தது. சனிக்கிழமை வாணியம்பாடியிலிருந்து பச்சைத்தோல் வியாபாரி ரஃபி அகமதுவின் சரக்கு வரும். அதற்குள் முடிந்துவிட வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

கோட்டுக்குள் குடியிருக்க யாரும் முன்வரவில்லை. ஊரெல்லாம் பார்க்க வெட்டவெளியில் பொம்மை மாதிரி உட்கார எவனுக்குப் பைத்தியம்? கடைசியில், இருக்கிறவர்களில் பாக்கி அதிகம் உள்ளவன் மறுப்புச் சொல்ல முடியாது என்று சம்பத் ஒரு நியாயம் கண்டுபிடித்தான். கன்னியப்பன் மாட்டினான். கூலியைச் சாராவின் ஆபீஸ் கொடுத்துவிடும்.

திங்கட்கிழமை காலை ரங்கம்மாள் வந்து கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இடுப்பில் கை வைத்து நின்றாள். செவுரு எங்கே என்று கேட்டாள்.

"இந்தக் கோடுதான்க்கா செவுரு," என்றாள் சாரா. "இதுக்கு அந்தாண்ட வெளிய, இந்தாண்ட உள்ள. நெஜ வூட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருக்கணும். அதான் எனக்கு வேணும்."

"அப்படியேவா?"

"அப்படியே."

இந்த ஒரு வார்த்தையை யோசித்துச் சொல்லியிருக்கலாம் என்று சாரா பின்னால் பல தடவை நினைத்தாள். ரங்கம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்கிற பெண்பிள்ளை இல்லை. முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்றாள். பால் காய்ச்சாத வீட்டுக்குள் அவள் காலடி வைக்க மாட்டாளாம். டீக்கடையிலிருந்து பால் வந்தது, மூன்று கல் வந்தது, பால் பொங்கியது. சாரா தன் பங்குக்குக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். டேனரி ஜன்னலில் வேலையாட்கள் தலை தலையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அதோடு கன்னியப்பனின் நிம்மதி போயிற்று. மத்தியானம் பீடி வாங்கிக்கொண்டு நேரே நடந்து வந்து பாயில் உட்கார்ந்தான். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ரங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், செவுத்த இடிச்சிக்கினு வர்ற. வாசல் அந்தப் பக்கம் இருக்குது, கண்ணு தெரியல?"

எழுந்து, வந்த வழியே வெளியே போய், சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தான். ஜன்னலில் ஒரு சிரிப்பு கிளம்பி டேனரி முழுக்கப் பரவியது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சாரா சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். அவள் எழுதினது, வாசல் தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று. கடை இருப்பது கிழக்கே, ஆள் வருவது கிழக்கே, வாசல் மட்டும் இராமமூர்த்தியின் வசதிக்கு மேற்கே இருந்தது.

மறுநாள் வாசல் கிழக்கே வந்தது. அடுப்புப் புகை படுக்கிற பாயின் மேலே வந்ததால் அதற்கடுத்து அடுப்பு நகர்ந்தது. அடுப்பு நகர்ந்ததும் அரிசிப்பானைக்கு இடமில்லை. இடம் விட்டதும் படுக்கிற இடம் குறுகியது. ஒவ்வொரு சாயங்காலமும் சாரா விளக்குமாற்றால் ஒரு கோட்டைக் கலைத்து வேறு இடத்தில் போடுவாள். ரங்கம்மாளுக்கு ருசி கண்டுவிட்டது. மகள் பிரசவத்துக்கு வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்டு ஒரு தடுப்பு வாங்கினாள். விறகுக்கு ஒரு மூலை வாங்கினாள். குளிக்கிற இடத்தை ரங்கம்மாள் கேட்காமலேயே சாரா பெரிதாக்கினாள், அதில் இரண்டு பேரும் ஒரு கட்சி.

வியாழக்கிழமை இராமமூர்த்தி வந்து பார்த்தபோது வீடு, பக்கத்து வீட்டு இடத்தையும் விழுங்கி, அதற்கடுத்த வீட்டின் வயிற்றில் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? இந்த வேகத்துல போனா ஆம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் ஒரே வூடாப் போயிடும்," என்று சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். ரங்கம்மாள் அவர் காலையே பார்த்தாள். செவுத்து மேலே நிற்கிறீங்க சார், ஷூவோட வேற நிற்கிறீங்க, என்றாள். வேலூரில் பெரிய பெரிய கட்டடம் போட்ட மனுஷன், வெளியே போய் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வாசல் வழியாக வந்து பாயில் உட்கார்ந்து மோர் குடித்தார். போகும்போது, இருபது வீட்டைப் பதினான்காகக் குறைத்தால் பாய் என்ன சொல்வார் என்று சாராவிடம் கவலையாகக் கேட்டார். சாரா, நீங்களே கேளுங்கள் சார், அப்படிக் கேட்பதுதான் இந்தத் தொழிலில் பாதி, அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும், என்றாள்.

கன்னியப்பனுக்கு இதெல்லாம் மனசில் ஒட்டவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் ஆள் அனுப்பிக் கேட்டான். கார்டு டிராயரில் தூங்கியது. கோட்டுக்குள் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே, அறுநூற்றுப் பன்னிரண்டை எங்கே போய்ப் பறிப்பது என்று யோசித்தான்.

ஹமீத் பாய்க்கும் அந்த யோசனை இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவானோ என்று ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அந்த வழியாக வந்தவர், கன்னியப்பனைக் கூப்பிட்டு இரண்டில் ஒன்று கேட்டுவிடலாம் என்று மைதானத்தில் இறங்கினார். அவர் வருவதை ரங்கம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். சேலை ஒரு மடிப்புக் கலையாமல் குளிக்கிற இடத்துக் கோட்டுக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குளிக்கிறேன் மொதலாளி, என்று குரல் கொடுத்தாள்.

ஹமீத் பாய் வளர்ந்த வீட்டில், வாசலில் நின்று தொண்டையைச் செருமாமல் எந்த ஆண்பிள்ளையும் உள்ளே போனதில்லை. குளிக்கிறேன் என்று ஒரு பெண்குரல் கேட்டதும் அவர் உடம்பு, மூளையைக் கேட்காமல், சட்டென்று திரும்பிக்கொண்டது. வெட்டவெளியில், சுவரே இல்லாத சுவருக்கு முதுகைக் காட்டி நின்றபடி, டேனரிப் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டு பாக்கியைப் பற்றிப் பேசினார். கன்னியப்பன் உள்ளேயிருந்து ஆமாம் ஆமாம் என்றான். ஜன்னலில் தலைகள் முளைத்ததும் பாய்க்குத் தான் நிற்கிற கோலம் உறைத்தது. "கல்தி ஹோ கயா," தப்பாகிவிட்டது, என்று உருதுவில் தனக்குத்தானே முனகிக்கொண்டு நடையைக் கட்டினார். பாக்கி பேச்சு பாதியில் நின்றது.

சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து பேராசிரியர்கள் நாலு பேர் வந்தார்கள். சாரா பாஸா பெயிலா என்று அங்கேயே, அந்த மைதானத்திலேயே, முடிவு செய்ய வேண்டும். பாய் புதுத் தொப்பி போட்டு, நாற்காலி போட்டு, சர்பத் வரவழைத்திருந்தார். பெரிய இடத்து ஆட்கள் தன் மைதானத்துக்கு வந்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

வந்தவர்களில் வயதானவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உன் டிராயிங் எங்கேம்மா என்று கேட்டார். சாரா வாயைத் திறப்பதற்குள் ரங்கம்மாள் சொன்னாள்.

"அது மேலதான் நிக்கிறீங்க சார். கொஞ்சம் தள்ளிக்குங்க, அடுப்பு."

அவர் தள்ளிக்கொண்டார். பிறகு கேள்வி மேல் கேள்வி. ஒரு குடும்பம் கேட்டதை எல்லாம் போட்டால் அது ஆராய்ச்சியா, தையல் கடையா என்று ஒருவர் கேட்டார். கோடு தினமும் மாறினால் எந்தக் கோட்டுக்கு மார்க் போடுவது என்று இன்னொருவர். சாரா நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தாள். கேட்டதையெல்லாம் போடவில்லை, கேட்டதில் எது ஒன்றோடொன்று மோதுகிறது என்று பார்த்தேன், மோதின இடத்தில்தான் வடிவமைப்பு ஆரம்பிக்கிறது, என்றாள். கலைத்த கோடுகளின் தடம் இன்னும் மண்ணில் வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். வயதானவர் குனிந்து, கலைந்த கோடுகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். கலைத்ததையும் சேர்த்து வரைந்து ஒரு மாதத்தில் கொடு, பாஸ், என்று சொல்லிவிட்டுக் கன்னியப்பன் பக்கம் திரும்பி, வாடகை எவ்வளவுப்பா என்று விளையாட்டாகக் கேட்டார்.

ஹமீத் பாய் முந்திக்கொண்டார். நாலு படித்தவர்களுக்கு நடுவில் கஞ்சன் என்று பெயர் எடுக்கவா?

"வாடகையா? இன்னா சார் நீங்க. நம்ம ஆளுகிட்ட வாடகை வாங்குவேனா? இது அவன் வூடு. அவனுக்கே குடுத்தது."

எல்லாரும் பாராட்டினார்கள். சர்பத் குடித்தார்கள். கார் ஏறிப் போனார்கள். கூட வந்திருந்த இராமமூர்த்தி மட்டும் சாராவோடு நின்றார்.

கார்ப் புழுதி அடங்குவதற்குள் மாட்டுவண்டிகள் மைதானத்தில் திரும்பின. வாணியம்பாடி ரஃபி அகமது சரக்கோடு வந்துவிட்டான். அவன் ஒரு டீயை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பாய் கன்னியப்பனைப் பார்த்து, தமாஷ் முடிந்தது, இடத்தைக் காலி பண்ணு, தோல் இறக்கணும், என்றார்.

கன்னியப்பன் அந்த வாரம் முழுக்க மல்லாந்து படுத்து யோசித்தும் வராத ஒன்று, அந்த நிமிஷத்தில் வந்தது. துணிச்சல் என்று சொல்ல முடியாது. களைப்புதான். நாளை மறுநாள் ஜோலார்பேட்டை, கையில் கார்டு இல்லை, இனி கெட்டுப்போக என்ன இருக்கிறது?

"காலி பண்ணிடறேன் மொதலாளி," என்றான். "வூட்ட வித்துட்டு காலி பண்ணிடறேன்."

பாய் சிரித்தார். எந்த வூடு, யாருக்கு விக்கிற, என்று கேட்டார்.

கன்னியப்பன் தலைத்துண்டை அவிழ்த்தான். உதறி வலது கைமேல் போட்டு, கையை நீட்டினான்.

பச்சைத்தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டுக்கு அடியில் இரண்டு கை சேரும். விரலைப் பிடித்தால் ஒரு விலை, அழுத்தினால் ஒரு விலை, மடக்கினால் குறைவு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பிடித்த கையை விலை பேசாமல் உருவிக்கொண்டால் அவன் வியாபாரி இல்லை. அடுத்த சந்தையில் அவனுக்கு எவனும் துண்டு நீட்ட மாட்டான். ஹமீத் பாய் மீசை முளைத்த நாளிலிருந்து நீட்டிய துண்டுக்கெல்லாம் கை கொடுத்தே பழகியவர். துண்டைப் பார்த்ததும் கை தானாகப் போய் உள்ளே நுழைந்துவிட்டது.

நுழைந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. முகம் மாறியது.

ரஃபி அகமது டீக் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் கண்ணில் ஒரு குறும்பு.

"ஹமீத் பாய், கைய குடுத்துட்டீங்க."

"அரே, சரக்கே இல்ல ரஃபி. வெறும் மண்ணு."

"சரக்கு இல்லாம கை எதுக்கு உள்ள போச்சு? அவன் வூடுன்னு நீங்களே சொன்னீங்களாமே, ஜன்னல்ல நிக்கிறவன் வரைக்கும் கேட்டிருக்கான். இன்னும் கொஞ்ச நேரத்துல இதே கையதான் எங்கிட்ட நீட்டணும் நீங்க."

பாய் திரும்பி வண்டிகளைப் பார்த்தார். வண்டிகளில் இருந்தது சில ஆயிரம் பெறுமானமுள்ள தோல். துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு பேச்சை மாற்றுகிறவர் என்று அவன் வாணியம்பாடிக்குப் போய்ச் சொன்னால், வருஷக்கணக்காகச் சம்பாதித்த பெயர் ஒரு வாரத்தில் போய்விடும்.

துண்டு அசைந்தது. பாய் ஒரு விரலைப் பிடித்தார், நூறு. கன்னியப்பன் பாயின் கை முழுவதையும் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தான், ஆயிரம். பாயின் புருவம் தொப்பிவரை ஏறியது. இருபது வருஷத்தில் கன்னியப்பன் முதலாளியின் கையைத் தொட்டதில்லை. ஷூவுக்கு உள்ளே தைக்கிற லைனிங் தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. சுண்ணாம்பு தின்ற தன் உள்ளங்கை அதை உரசும் என்று ஒரு கணம் கூச்சப்பட்டு, பிறகு இன்னும் இறுக்கமாகவே பிடித்தான். பாய் இரண்டு விரலுக்கு வந்தார். மூன்றுக்கு வந்தார். நடுவில் கையைச் சும்மா வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கன்னியப்பன் ஒவ்வொன்றாக இறங்கினான். இறங்குவதில்தான் அவனுக்கு நல்ல பழக்கம் ஆயிற்றே.

சாரா நோட்டைத் திறந்தாள். இராமமூர்த்தி, இதையாவது விட்டுத்தொலையேன், என்று காதோடு சொன்னார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ரங்கம்மாள் மட்டும் பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள், புருஷன் விற்கிற வீட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

கை முழுதும் ஒரு பிடி, கூட ஒரு விரல். கன்னியப்பன் அதில் நின்றுவிட்டான். பாய் விரலை விடுவித்துப் பார்த்தார், விடவில்லை. மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. கடைசியில் அவரும் ஒரு அழுத்து அழுத்தினார்.

துண்டு விலகியது. ரஃபி அகமது, முபாரக் என்று வாழ்த்திவிட்டு மறுபடி டீயை எடுத்தான்.

"அறுநூறு," என்று பாய் சம்பத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். "இவன் பாக்கியில கழிச்சிடு."

சம்பத் கணக்கு நோட்டோடு ஓடி வந்தான். பார்த்துவிட்டு, இன்னும் பன்னிரண்டே முக்கால் நிற்கிறதே என்றான். பேரம் படிந்த பிறகு சில்லறையைப் பேசுகிறவன் வியாபாரியா, தள்ளு, என்று பாய் எரிந்து விழுந்தார். கார்டை எடுத்து வரவும் சொன்னார்.

சம்பத் பேனாவைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.

"இன்னா வகையில செலவுன்னு எழுதறது மொதலாளி?"

ஹமீத் பாய் மைதானத்தைப் பார்த்தார். வண்டிக்காரர்கள் தோலை இறக்க ஆரம்பித்திருந்தார்கள். கிழக்கு வாசல் ஏற்கெனவே மாட்டுக்காலடியில் போய்க்கொண்டிருந்தது.

"வூடு வாங்கினதுன்னு எழுது," என்றார்.

சம்பத் எழுதினான். எழுதி, கன்னியப்பன் பெயருக்கு நேரே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு கிழித்தான்.